ஏக்கத்துக்குச் சாட்சி சொன்ன விகடர்

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் "அது எங்கள் ஊர்தான்" என்று நாலைந்து ஊர்க்காரர்கள் சண்டைக்கு வந்துவிடுவார்கள் என்பதால் பெயர் சொல்லாமலே விடுகிற ஒரு நாட்டில், கனகவர்மர் என்று ஒரு ராஜா இருந்தார். நல்ல ராஜாதான். ஆனால் ஒருநாள் காலையில் எழுந்ததும் எழாததுமாக ஒரு கட்டளை போட்டார்.

"இன்று முதல் கோட்டைக்குள் யாரும் பெருமூச்சு விடக் கூடாது. நம் நாட்டில் யாருக்கும் ஏக்கம் என்று ஒன்று கிடையாது. உண்டு என்று சொல்பவன் ராஜத் துரோகி."

முரசு அறைந்தவனுக்கே ஒன்றும் புரியவில்லை. அரண்மனைச் சமையல்காரர் கொஞ்சம் பருத்த உடம்புக்காரர். பாவம், மாடிப்படி ஏறும்போதெல்லாம் "இது இளைப்பு, வெறும் இளைப்பு" என்று காவலர்களிடம் சொல்லிக்கொண்டே மூச்சு விட்டார்.

காரணம் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். அரண்மனை விகடகவி அம்பலவாணர்.

முந்தின நாள்தான் அரசரின் ஒரே மகள் நீலவேணி, கல்யாணம் முடிந்து வடக்கு நாட்டுக்குப் புறப்பட்டுப் போயிருந்தாள். சீதனமாகப் பட்டும் பொன்னும் போயின. செவ்வந்தி என்ற பெண் யானையும் போயிற்று. கூடவே, இளவரசியைச் சின்ன வயதிலிருந்து தூக்கி வளர்த்த உமையாளும் போனாள். அவளில்லாமல் பல்லக்கில் ஏற மாட்டேன் என்று இளவரசி அடம் பிடித்தால் யார்தான் என்ன செய்வது?

உமையாள், அம்பலவாணரின் மனைவி.

"நீயும் போய்விடாதே, அம்பலவாணா. ஒருவரையாவது அவள் எனக்கு விட்டு வைக்கட்டும்" என்று அரசர் சொல்லிவிட்டார். அரசர் கேட்டுக்கொண்டால் அதற்குப் பெயரும் கட்டளைதான்.

அன்றிலிருந்து விகடருக்கு வேலை இரட்டிப்பு. சபையில் முகம் வாடியவர் யாராக இருந்தாலும் அவர்தான் சிரிக்க வைக்க வேண்டும். சிரிக்க வைத்தார். வீட்டுக்குப் போனால் உமையாள் அடுப்படியில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போன சட்டி, கவிழ்ந்தபடியே இருந்தது. அதை நிமிர்த்த அவருக்குக் கை வரவில்லை.

சாயங்காலமானால் யானைக் கொட்டாரத்துக்குப் போவார். பட்டத்து யானை மேகராசன் அங்கே வடக்குச் சுவரைப் பார்த்து நிற்கும். தீவனத்தைத் தெற்கே வைத்தாலும் துதிக்கையை மட்டும் பின்னால் நீட்டி எடுத்துக்கொள்ளுமே தவிர முகம் திரும்பாது. செவ்வந்தியும் அதுவும் ஒரே கொட்டாரத்தில் வளர்ந்தவை. அம்பலவாணர் அதன் பக்கத்தில் போய் அதே சுவரைப் பார்த்து நிற்பார். மேகராசன் அவ்வப்போது ஒரு நீண்ட மூச்சு விடும். ராஜ கட்டளை யானைக்குத் தெரியாதல்லவா? அதே நேரத்தில் தன்னுடையதையும் சேர்த்து விட்டுவிட்டால் காவலர் காதில் விழாது.

இதைப் பாகன் சடையன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். ஒன்றும் கேட்டதில்லை.

சில மாதங்கள் இப்படிப் போயின. இப்படியே போயிருக்கும். திருவிழா வந்து எல்லாவற்றையும் கெடுத்தது.

மேகராசன் மேல் அம்பாரி. அம்பாரியில் அரசர். மேளதாளத்தோடு ஊர்வலம் நாற்சந்திக்கு வந்தது. தெற்கே திரும்பினால் கோயில். மேகராசன் வடக்கே திரும்பியது. ஓடவில்லை, பிளிறவில்லை, ஒரு பந்தல் காலைக்கூடச் சாய்க்கவில்லை. ஏதோ வேலையாகப் போகிறவன் போல நிதானமாக வடக்கு வாசலைத் தாண்டி, சாலையில் நடந்து, ஆற்றில் இறங்கி, நடு ஆற்றில் நின்றுகொண்டது. மேலே அரசர். குடை எங்கோ மிதந்து போய்விட்டது. படகுகள் கொண்டுபோய், கரும்பு காட்டி, கும்பிட்டு, அழைத்துவருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

அரண்மனைக்குத் திரும்பிய அரசர் யாரோடும் பேசாமல் உள்ளே போய்விட்டார்.

பேசியவர் பிரதானி தாண்டவராயர். சிம்மாசனத்துக்குப் பக்கத்து இருக்கை தன்னுடையதாக இருந்திருக்க வேண்டும், அதில் ஒரு விகடர் உட்கார்ந்திருக்கிறாரே என்று வருஷக்கணக்காக வயிறு எரிந்துகொண்டிருப்பவர். அவர் கண்ணில் முதலில் பட்டது பாகன்.

"அரசரைக் கடத்த முயன்றான். ராஜத் துரோகம்."

மறுநாள் சபையில் வழக்கு. சடையனைச் சங்கிலியோடு நிறுத்தினார்கள்.

இங்கே அந்த நாட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கண்ணால் கண்டதைச் சொல்பவன் சாதாரண சாட்சி. ஒரு துறையில் கைதேர்ந்து, அதைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல வருபவர் 'தேர்ந்த சாட்சி'. அவர் சபை நடுவிலுள்ள சாட்சிக் கல்லில் ஏறினதும் கதவுகளைத் தாழிடுவார்கள். அவர் "சொல்லி முடித்தேன்" என்று சொல்கிற வரையில் ஒருவரும் இடத்தை விட்டு எழுந்து வெளியே போகக் கூடாது. வெற்றிலைகூடப் போடக் கூடாது. அரசருக்கும் அதே விதி. எப்போதோ ஒரு ராஜா பாதிச் சாட்சியத்தில் சாப்பிடப் போய்விட்டு, பாதி கேட்டதற்கு ஒருவனுடைய முழுத் தலையை எடுத்துவிட்டாராம். அதிலிருந்து இந்த ஏற்பாடு. தேர்ந்த சாட்சி சொன்னது நிற்கவில்லை என்றால், குற்றவாளிக்கு என்ன தண்டனையோ அதில் அவருக்கும் பங்கு உண்டு.

பிரதானி தரப்பில் யானை வைத்தியர் கேசவ பண்டிதர் கல்லில் ஏறினார்.

"யானையைச் செலுத்துவன நான்கு. பசி, பயம், மதம், பழக்கம். அன்று அதற்கு வயிறு நிறைந்திருந்தது. வெடிச்சத்தம் இல்லை. மதநீர் இல்லை. கோயிலுக்குத் திரும்புவதே அதன் பழக்கம். நான்கும் இல்லையென்றால் ஐந்தாவது ஒன்றுதான் மிச்சம். பாகன். சொல்லி முடித்தேன்."

சுருக்கமாக இருந்தது. நன்றாகவும் இருந்தது. சபை தலையாட்டியது.

"உன் பதில் என்ன?" என்றார் பிரதானி.

சடையன் சங்கிலியைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "ஆறாவதா ஒண்ணு இருக்குங்க. ஏக்கம்."

பிரதானி இருக்கையின் நுனிக்கு வந்தார்.

"அது இந்த நாட்டில் கிடையாது என்பது ராஜ கட்டளை, தெரியுமா?"

"யானைக்குத் தெரியாதுங்களே."

"சரி. யானை ஏங்கும் என்று சொல்ல உனக்குத் தேர்ந்த சாட்சி யாராவது உண்டா?"

சடையன் யோசித்தான். பிறகு சங்கிலிக் கையை மெல்லத் தூக்கி நீட்டினான். அது நேராகச் சிம்மாசனத்தின் பக்கத்து இருக்கையில் போய் நின்றது.

அம்பலவாணர் பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் தூண்தான் இருந்தது.

பிரதானிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஏக்கம் உண்டு என்று விகடர் சொன்னால் கட்டளையை மீறியவர் ஆவார். இல்லை என்று சொன்னால் அவரை நம்பிய பாகன் சாவான், சாட்சி நிற்காத விகடருக்கும் அதில் பங்கு. இரண்டில் எது நடந்தாலும் பக்கத்து இருக்கை காலி.

"மகாராஜா, விகடரே வரட்டும். ஆனால் ஒரு நிபந்தனை. அவர் நாக்கு எல்லோருக்கும் தெரியும். ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்து வழக்கையே கரைத்துவிடுவார். ஆகவே அவர் பேசக் கூடாது. ஏக்கம் என்று ஒன்று இருந்தால், நாளை காலை அதைச் சபையில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி காட்டட்டும். வாய் திறக்காமல்."

அரசர் அம்பலவாணரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று விகடருக்குப் பிடிபடவில்லை.

"அப்படியே ஆகட்டும்" என்றார் அரசர்.

சபை கலைந்ததும் அம்பலவாணர் நேராகச் சிறைக்குப் போனார்.

"ஏன்டா சடையா, என் பேரைச் சொல்லுமுன் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்டா வந்திருப்பீங்களா ஐயா?"

"மாட்டேன்."

"அதான் கேக்கல. தப்பா நெனைச்சுக்காதீங்க. அந்த விஷயத்துல தேர்ந்த ஆளுன்னு எனக்கு வேற யாரையும் தெரியாது."

விகடர் கம்பிக்கு வெளியே தரையில் உட்கார்ந்தார்.

"தண்டனை என்ன, கேட்டாயா? யானைக் காலில் வைப்பார்களாம். எந்த யானை?"

"இருக்கிறதுல பெரிசு நம்ம மேகராசன்தானே. அவன் என்னை மிதிக்க மாட்டான்."

"என்னை?"

சடையன் உண்மையாகவே யோசித்துப் பார்த்தான். "உறுதியா சொல்ல முடியலீங்க. தினமும் வர்றீங்க, ஒரு வெல்லக் கட்டியாவது கொண்டாந்திருக்கீங்களா?"

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் விகடர் குரலைத் தாழ்த்தினார்.

"ஒன்று கேட்கிறேன். நாற்சந்தியிலிருந்து ஆறு வரைக்கும் எவ்வளவு தூரம். கையில் அங்குசம் இருந்தது. ஏன் நீ அவனைத் திருப்பவில்லை?"

பாகன் முகம் மாறியது.

"அதை நான் சொல்ல முடியாதுங்க."

"உன் உயிர் போகப் போகிறது."

"போனாலும் சொல்ல முடியாது. அது நான் சொல்ல வேண்டியது இல்ல."

அம்பலவாணர் எழுந்து வெளியே வந்தார். அப்படியானால் அதைச் சொல்ல வேண்டியவர் யார்? யானையின் மேல் அன்று இருந்தவர்கள் மொத்தம் எத்தனை பேர்?

மறுநாள் காலை. சபை நிறைந்திருந்தது. வழக்குக்குக் காரணமான மேகராசனை வடக்குச் சாளரத்துக்கு வெளியே வேப்பமரத்தில் கட்டியிருந்தார்கள். சாளரத்தில் அதன் முதுகும் அதற்கப்பால் சாலையும் தெரிந்தன.

அம்பலவாணர் சாட்சிக் கல்லில் ஏறினார். கதவுகள் சாத்தப்பட்டன. தாழ் விழுந்தது.

அவர் சும்மா நின்றார்.

முதலில் சபை ஆவலோடு பார்த்தது. அடுத்து என்ன செய்யப் போகிறாரோ? மடியிலிருந்து எதையாவது எடுப்பாரோ? கரணம் போடுவாரோ? ஒன்றும் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார், அவ்வளவுதான்.

"ஆரம்பிக்கலாமே விகடரே" என்றார் பிரதானி.

விகடர் பணிவாகத் தலையசைத்தார். ஆரம்பித்தாயிற்று என்று அர்த்தம் போலிருந்தது.

வெயில் ஏறியது. மதியம் ஆயிற்று. சமையற்கட்டிலிருந்து நெய் உருக்கும் வாசனை சாளரம் வழியாக வந்தது. கேசவ பண்டிதரின் மூக்கு முதலில் அந்தப் பக்கம் போனது, பிறகு முகம், பிறகு உடம்பு முழுவதும். பிரதானியின் வெற்றிலைச் செல்லம் கதவுக்கு வெளியே வேலைக்காரனிடம் இருந்தது. அவருடைய கை மடியைத் தடவும், கதவைப் பார்ப்பார், திரும்பிக்கொள்வார், மறுபடி கதவைப் பார்ப்பார்.

"இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்டார்.

விகடர் தோளைக் குலுக்கினார்.

"இது கேலிக்கூத்து. மகாராஜா, சாட்சியத்தை நிறுத்தச் சொல்லுங்கள்."

"வழக்கம் உமக்குத் தெரியாதா, தாண்டவராயரே? முடித்தேன் என்று அவன்தான் சொல்ல வேண்டும்" என்றார் அரசர். குரல் எங்கிருந்தோ வந்தது போலிருந்தது.

பிற்பகலில் பசியும் மரத்துப்போயிற்று. பசி போன இடத்தில் வேறு ஏதோ வந்து உட்கார்ந்தது. வாசல் காவலன் கிழக்குச் சாளரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் மகன் கடல் தாண்டிப் போய்ப் பல காலம் ஆயிற்று. ஓலை வாசிக்கிற கணக்கர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார், அதில் யாருடைய கையோ இருந்தது போல. கேசவ பண்டிதரின் பார்வைகூடச் சமையற்கட்டை விட்டுவிட்டு எங்கோ வெறும் சுவரில் நிலைத்துவிட்டது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஒருவரும் பேசவில்லை.

அம்பலவாணர் எதையும் பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்திருந்தார். ஆனாலும் கண் வடக்குச் சாளரத்துக்குப் போய்விட்டது. வெயிலில் வெளுத்துக் கிடந்தது சாலை. இந்நேரம் அங்கே உமையாள் என்ன செய்துகொண்டிருப்பாள்? தலையைப் பின்னிக்கொண்டிருப்பாளா? இளவரசிக்குப் பின்னிவிட்டுக்கொண்டிருப்பாளா? அங்கே அவளைச் சிரிக்க வைக்க யார் இருக்கிறார்கள்? உண்மையில் அவள் ஒருநாளும் அவருடைய விகடத்துக்குச் சிரித்தவள் அல்ல. "சபையில் சொல்லியாச்சா இதை? அப்போ எனக்குப் புதுசா ஒண்ணு சொல்லுங்க" என்பாள். அந்தப் புதுசு எவ்வளவோ சேர்ந்துபோயிருந்தது.

நெஞ்சில் ஒரு மூச்சு திரண்டு மேலே வந்தது. பல்லைக் கடித்து அதை அடக்கினார். இப்போது விட்டால் இரண்டு உயிர்.

வெளியே மேகராசன் விட்டது. நீண்ட, புழுதி கிளப்புகிற மூச்சு.

அதைத் தொடர்ந்து, சபைக்குள்ளே, தெள்ளத் தெளிவாக இன்னொரு பெருமூச்சு கேட்டது.

கதவையே பார்த்துக்கொண்டிருந்த பிரதானி துள்ளி எழுந்தார். அவ்வளவு நேரமும் இதற்காகத்தானே காத்திருந்தார்.

"பிடியுங்கள் அவனை. பெருமூச்சு. ராஜ கட்டளையை மீறிவிட்டான். எல்லோரும் கேட்டீர்கள் அல்லவா? இவன் துரோகி என்பதற்கு இனி வேறு சாட்சி வேண்டுமா?"

ஒருவரும் அசையவில்லை. காவலர்கள் வேல்களை ஊன்றியபடி தரையைப் பார்த்தார்கள். கேசவ பண்டிதர் பிரதானியின் அங்கவஸ்திரத்தைப் பிடித்து மெல்ல இழுத்தார்.

பிரதானி திரும்பிப் பார்த்தார்.

அரசர் கன்னத்தில் கையூன்றி வடக்குச் சாளரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்கள் நனைந்திருந்தன. தான் மூச்சு விட்டதே அவருக்குத் தெரியவில்லை. சபையின் அமைதி அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். மெல்லத் தலையைத் திருப்பினார்.

சாட்சிக் கல்லிலிருந்து அம்பலவாணர் கைகூப்பினார்.

"சொல்லி முடித்தேன்."

பிரதானி தன் இருக்கையில் உட்கார்ந்தார்.

அரசர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீ காட்டிவிட்டாய், அம்பலவாணா. சபையே பார்த்துவிட்டது. இனி வாய் திறந்து சொல். அந்த யானைக்கும் இதுதானா?"

"யானையைப் பற்றி அடியேனுக்கு ஒன்றும் தெரியாது, மகாராஜா. ஏக்கத்தைக் காட்டு என்றார்கள், காட்டினேன். அன்று அந்த முதுகில் என்ன நடந்தது என்பதை, முதுகில் இருந்தவர்தான் சொல்ல வேண்டும். பாகன் சொல்ல மாட்டேன் என்கிறான்."

"சொல்ல மாட்டேன் என்றானா?"

"உயிர் போனாலும் மாட்டானாம்."

அரசர் சிம்மாசனத்தை விட்டு இறங்கினார். நேராக வந்தார். அம்பலவாணரைக் கையசைத்து இறக்கிவிட்டு, தானே சாட்சிக் கல்லில் ஏறி நின்றார். அந்த நாட்டில் எந்த ராஜாவும் அதற்கு முன் அதில் ஏறியதில்லை.

"வடக்கு வாசல் வந்ததும் இவன் என்னைக் கேட்டான். 'மகாராஜா, திருப்பவா?' என்று. நான் பதில் சொல்லவில்லை. சாலையில் மறுபடி கேட்டான். நான் காதில் விழாத மாதிரி இருந்தேன். ஆற்றங்கரையில் அவன் கேட்கவே இல்லை, என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டான். என் மகள் போன சாலை அது. இந்த யானை என்னை இன்னும் கொஞ்ச தூரம் கொண்டுபோகட்டும் என்று இருந்தது." கல்லின்மேல் நிமிர்ந்து நின்றார். "சொல்லி முடித்தேன். தாண்டவராயரே, இப்போது சொல்லும். அரசரைக் கடத்தியவர் யார்?"

பிரதானி கேசவ பண்டிதரைப் பார்த்தார். பண்டிதர் சுவரைப் பார்த்தார்.

"அரசரே அரசரைக் கடத்தினால் யானைக் காலில் யாரை வைப்பது?" என்று கேட்டார் அரசர். கேட்டதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மாதக்கணக்கில் மற்றவர்களைச் சிரிக்கச் சொல்லிவிட்டுத் தான் சிரிக்காமல் இருந்த மனிதர். கல்லின்மேல் நின்றபடியே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சபையும் சேர்ந்துகொண்டது. அன்று அந்த மண்டபத்தில் சிரிப்பு எவ்வளவோ, பெருமூச்சும் அவ்வளவு. அடக்கி வைத்திருந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொன்றாக விட்டார்கள். தாழ் திறந்ததும் ஓடிவந்த சமையல்காரர் மட்டும் பழக்கத்தில் "இளைப்பு" என்றார்.

சங்கிலியைக் கழற்றினார்கள். கட்டளையை விலக்கினார்கள். பிரதானிக்கு வெற்றிலைச் செல்லம் வந்து சேர்ந்தது. இருக்கை வரவில்லை.

"உனக்கு என்ன பரிசு வேண்டும், கேள்" என்றார் அரசர்.

"மகளைப் பார்க்க மகாராஜா புறப்பட வேண்டும்."

அரசரின் சிரிப்பு நின்றது. "நம் குலவழக்கம் தெரியுமல்லவா? பேரப்பிள்ளை பிறக்கிற வரைக்கும் பெண்ணைப் பெற்ற அரசனின் பாதம் சம்பந்தி நாட்டு மண்ணில் படக் கூடாது."

"பாதம்தானே படக் கூடாது? யானை மேல் இருந்தால் எப்படிப் படும்? எல்லை தாண்டி, கோட்டை வாசல் வரைக்கும் போய், மேலிருந்தபடியே பார்க்கலாம். பல்லக்கு சுமந்து போய் வந்தவர்களைக் கேட்டேன். இளவரசி மாடத்தில் நின்றால் அம்பாரியும் மாடமும் சம உயரம்."

அரசர் அவரை வெறித்துப் பார்த்தார். "உயரத்தைக்கூட அளந்துவிட்டாயா?"

"தினமும் சாயங்காலம் வேறு என்ன வேலை, மகாராஜா?"

"சரி. இது எனக்கான பரிசு. உனக்கு?"

அம்பலவாணர் தரையைப் பார்த்தார். சபையில் அவர் தடுமாறி யாரும் பார்த்ததில்லை.

"அம்பாரியில் பின்னால் கொஞ்சம் இடம்."

இரவே ஓலையோடு ஒரு குதிரைக்காரனை அனுப்பிவிட்டு, மறுநாள் விடிந்ததும் புறப்பட்டார்கள். வடக்கு வாசல் தாண்டியதும் சடையன் அங்குசத்தை இடுப்பில் செருகிக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டான். அதற்கு வேலை இல்லை. மேகராசன் காதுகளை விரித்து வீசிக்கொண்டு நடந்தது. ஆற்றைக் கடந்து, ஊர்களைக் கடந்து போனார்கள். எல்லைக் கல் தாண்டிய பிறகு ஓரிடத்தில் துதிக்கையை உயரே தூக்கிக் காற்றை மோந்து பார்த்தது. அடுத்த கணம் நடை ஓட்டமாயிற்று.

"இறுக்கிப் பிடிச்சுக்கங்க மகாராஜா. இனிமே இவன் யார் பேச்சையும் கேக்க மாட்டான்" என்று கத்தினான் சடையன்.

தூரத்தில் ஒரு கோட்டையின் மாடம் தெரிந்தது. மாடத்தில் இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். ஒருத்தி கையை வீசிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி கண்ணுக்கு மேல் கையை வைத்து உற்றுப் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

கிரீடம் ஒரு பக்கமாகச் சாய, அம்பாரியின் கம்பிகளைக் கட்டிக்கொண்டு அரசர் வாய்விட்டுச் சிரித்தார். இந்த முறை அந்தச் சிரிப்புக்கு அம்பலவாணர் ஒன்றும் செய்யவில்லை. அவர் அரசருக்குப் பின்னால் உட்கார்ந்து, அந்த அசையாத பெண்ணிடம் புதுசாக எதை முதலில் சொல்வது என்று தெரியாமல், உதடுகளை அசைத்துக்கொண்டே வந்தார்.